இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே

முதல் நாள், ஜனவரி 9: எட்மண்டன் முதல் ஹை லெவல் வரை

காலை ஐந்து மணிக்குக் காரின் மூக்கில் தொங்கும் வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். இந்தப் பக்கத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வயர் தொங்கும். இரவு முழுக்க மின்சாரத்தில் செருகி வைத்தால்தான் எஞ்சின் எண்ணெய் இளகியிருக்கும், காலையில் வண்டி கிளம்பும். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்துவிட்டு, இங்கே எல்லாரும் மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இன்றைக்கு 750 கிலோமீட்டர். நாளைக்கும் ஏறக்குறைய அதே அளவு. போகும் ஊர் யெல்லோநைஃப், கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளுக்குத் தலைநகர். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி வைரச் சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தார்ச்சாலையும் கிடையாது, மண்சாலையும் கிடையாது. ஏரிகள் உறைந்த பிறகு அவற்றின் மேலேயே சாலை போடுகிறார்கள். அது இரண்டு மாதம் இருக்கும். வருடம் முழுவதற்கும் வேண்டிய டீசல், சிமெண்ட், வெடிமருந்து, டயர் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கு ஓட்டுநர்கள் வேண்டும்.

எனக்கு அங்கே வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேடித்தான் போகிறேன். மூன்று வருடமாக எட்மண்டனிலிருந்து ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் வயல்களுக்கு டேங்கர் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் விடுப்பு வாங்கியாகிவிட்டது. "இந்த வேலைக்கு என்ன குறை மாமா?" என்று மனைவி நேற்று இரவு மூன்றாவது முறையாகக் கேட்டாள். குறை ஒன்றும் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி ஓட்டியவர் பிள்ளை நான். யாரும் போகாத இடத்துக்கு ஒரு லாரி போகிறது என்றால், அதை ஓட்டுவது யார் என்று பார்க்கும் புத்தி பிறவியிலேயே வந்தது. அப்பா மட்டும் போனில், "ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீ முப்பது சக்கரத்தை விடப் போகிறாயா, கண்ணு?" என்றார்.

ஹை லெவலில் மலிவான விடுதி. வாசலில் கார் வயர் செருகப் பிளக் இருக்கிறது. அது போதும்.

இரண்டாம் நாள், ஜனவரி 10: யெல்லோநைஃப்

அறுபதாவது அட்சரேகையைக் காலையில் தாண்டினேன். எண்டர்பிரைஸ் என்ற சின்ன ஊர் வழியில் வந்தது. 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ அதைத் தின்றுவிட்டது. பனி மூடிய காலி மனைகளும் கரிந்த மரங்களும் இப்போதும் தெரிகின்றன. அதே மாதத்தில்தான் யெல்லோநைஃபையும் மொத்தமாகக் காலி செய்யச் சொன்னார்கள். வெளியேற இருந்தது இந்த ஒரே சாலைதான்.

ஃபோர்ட் பிராவிடன்ஸ் அருகே மெக்கன்சி ஆற்றின் மேல் டே சோ பாலம். 2012 நவம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவரை கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பாதை. ஐஸ் கட்டும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் கிடையாது. அந்த நாட்களில் யெல்லோநைஃப் கடைகளில் காய்கறி விலை என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பாலம் தாண்டியதும் காட்டெருமைகள். சாலை நடுவே ஏழெட்டு நின்றன. ஹாரன் அடித்தும் ஒன்றும் நகரவில்லை. நம்மூர் மாடு குறைந்தபட்சம் திரும்பியாவது பார்க்கும்.

கடைசி நூறு கிலோமீட்டர் சாலை, அடியில் உறைந்த மண் இளகி இளகி, அலை அலையாகக் கிடக்கிறது. மாலை நான்கு அடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பாஜியின் அடித்தள அறைக்குப் போய்ச் சேரும்போது மைனஸ் 36. பாஜி லூதியானாக்காரர், இதே ஐஸ் சாலையில் மூன்று பருவம் ஓட்டியவர். ரொட்டியும் பருப்பும் போட்டார். பிறகு, வாடகையை முன்பணமாகக் கேட்டார்.

மூன்றாம் நாள், ஜனவரி 11

இந்த ஊரை இங்குள்ள பழங்குடியான ட்லிச்சோ மக்கள் தங்கள் மொழியில் 'பணம் இருக்கும் இடம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு ஏற்ற ஊர்தான்.

முதல் கம்பெனி அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த இளைஞன், ஐஸ் சாலையில் ஓட்டிய அனுபவம் உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுக்கிறோம் என்றான். முதல் அனுபவத்தை எங்கே வாங்குவது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம் என்கிற கணக்கு.

இரண்டாவது இடத்தில் ஒரு வயதான அம்மா. மேசை மேல் கடிதக் கட்டு ஒன்றைக் காட்டினார். ஐஸ் சாலை ஓட்டுநர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் தொடர் வந்ததிலிருந்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வேலை கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்களாம். பெரும்பாலோருக்கு லாரி ஓட்ட உரிமமே இருப்பதில்லை என்றார்.

ஊரிலிருந்து இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தியாவில் வாங்கிய கனரக உரிமத்தைக் காட்டி இங்கே கிளாஸ் ஒன் உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி சஸ்காட்சுவானில் ஹம்போல்ட் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் பஸ்ஸும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டியவர் அந்த வேலைக்குப் புதிது. அதன் பிறகு, 2019 மார்ச் முதல் அல்பர்ட்டாவில் பயிற்சி கட்டாயமானது. நான் சேர்ந்தபோது 113 மணி நேரம். அதை முடித்தாலும் உடனே வடக்கே வர முடியாது. காப்பீட்டுக்காரர்கள் வருடக் கணக்கில் அனுபவம் கேட்பார்கள், அதிலும் சூப்பர் பி என்கிற இரட்டை டிரெய்லர் வண்டியில். அப்புறம் விபத்தும் அபராதமும் இல்லாத ஓட்டுநர் பதிவு, காவல்துறைச் சான்று, ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கான பயிற்சிச் சான்று, போதைப்பொருள் பரிசோதனை. இவை இல்லாமல் நேராக ஐஸ் சாலையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று நாமக்கல்லிலோ ஜலந்தரிலோ யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அந்த ஆளைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தேடுகிறவனிடம் அதற்காகப் பணம் வாங்குவது இங்கே சட்டப்படி குற்றம்.

அந்த அம்மா என் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுகிறேன் என்று சொன்ன லாரி புக்கிங் ஆபீஸ் எதுவும் கூப்பிட்டதாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை.

ஐந்தாம் நாள், ஜனவரி 13: டெட்டா

போன் வரவில்லை. சும்மா இருப்பதற்கு ஐஸ் எப்படி இருக்கும் என்றாவது பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

யெல்லோநைஃப் விரிகுடாவின் அக்கரையில் டெட்டா என்றொரு பழங்குடிக் கிராமம். கோடையில் சுற்றிக்கொண்டு 27 கிலோமீட்டர். குளிர்காலத்தில் கிரேட் ஸ்லேவ் ஏரியின் மேலேயே ஆறரைக் கிலோமீட்டரில் போய்விடலாம். பொதுமக்கள் சாலைதான். பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள், பால் பாக்கெட்டும் போகிறது. தொடக்கத்தில் இன்றைக்கு எத்தனை எடை வரை போகலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

நடுவில் காரை ஓரங்கட்டி இறங்கினேன். காற்று பனியைத் துடைத்துவிட்டிருந்த இடத்தில் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். கறுப்பு. கறுப்புக்குள் நீலம். ஒரு விரிசல் வெள்ளைத் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டது போலக் கீழே இறங்கிக்கொண்டே போனது. அது எங்கே முடிகிறது என்று பார்த்தால் ஐஸ் எத்தனை தடிமன் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் வெள்ளைக் குமிழிகள் சில்லறைக் காசு அடுக்கியது போல ஒன்றன் மேல் ஒன்றாக உறைந்திருந்தன. அந்த நேரத்தில் எங்கோ தூரத்தில் அதிர்வேட்டு போட்டது போல ஒரு சத்தம். எழுந்து காருக்கு ஓடினேன். அதை விடக் கேவலம், எதிரே ஒரு பாட்டி தன் நாயோடு நிதானமாக நடந்து வந்து எனக்குக் கையசைத்தாள்.

தமிழில் இதற்கெல்லாம் நம்மிடம் இருப்பது பனி என்ற ஒரு சொல்தான். மார்கழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் மூடுவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல விழுவதும் பனி, இப்போது என் காலடியில் லாரியைத் தாங்குவதும் பனி. இந்த நாட்குறிப்பில் நான் ஐஸ் என்றே எழுதுகிறேன். பண்டிதர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆறாம் நாள், ஜனவரி 14: பொங்கல்

பாஜியின் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அவருக்கு நேற்று லோரி, பஞ்சாபிப் பண்டிகை. இரண்டு பண்டிகையையும் ஒரே பாத்திரத்தில் முடித்தோம். சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று அவருக்குச் சொன்னேன். ஜன்னலைக் காட்டினார். காலை ஒன்பதரை, இன்னும் விடியவில்லை. இவ்வளவு வடக்கே வந்து சேர அதற்கு இன்னும் நாளாகும்.

மத்தியானம் அந்த அம்மா கூப்பிட்டுவிட்டார். வியாழக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும்.

எட்டாம் நாள், ஜனவரி 16: ஓட்டிக் காட்டியது

மைனஸ் 34. சோதிக்க வந்தவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர், எழுபதை நெருங்கிய கிழவர். தாடியில் மூச்சு உறைந்து வெள்ளைக் கம்பிகளாக நின்றது. வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சொல் என்றார். சொன்னேன். கிளப்பு என்றார். கிளப்பினேன். நகரவில்லை. பின் டிரெய்லரின் சக்கரங்கள் சுழலாமல் இழுபட்டன. பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டி உறைந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்தார். கீழே படுத்து ஒவ்வொரு டிரம்மாகத் தட்டினேன். டங்கென்று ஒலி மாறும்போது விட்டுவிட்டது என்று அர்த்தம். ரிக் லாரியில் அப்பா டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. காதுதான் கருவி.

பிறகு இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். சூப்பர் பி-க்கு இரண்டு இடத்தில் மூட்டு. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் முதல் டிரெய்லர் ஒன்று செய்யும், இரண்டாவது அதற்கு நேர் எதிராகச் செய்யும். மாமியார் மருமகள் இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் சமாதானப்படுத்துகிற வேலை. நான்கு முறை இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கிழவர் காபிக் குவளையை வைத்துவிட்டு, "நேற்று வந்தவன் ஒரே தடவையில் எடுத்தான். ஒரு தடவை கூட இறங்கிப் பார்க்கவில்லை. அவனை அனுப்பிவிட்டேன்" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. லோடு கணக்கில் கூலி. சாலை திறக்கும் வரை யார்டில் சில்லறை வேலை.

பதினெட்டாம் நாள், ஜனவரி 26: வகுப்பு

ஐஸ் சாலையில் ஏறும் ஒவ்வொருவரும் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முப்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் இதைப் பலமுறை கேட்டவர்கள், தூங்கினார்கள். நான் ஒரு நோட்டு நிறைய எழுதினேன்.

சாலையின் பெயர் டிபிட்–கொன்ட்வாய்ட்டோ குளிர்காலச் சாலை. 1982-இல் லூபின் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்டது. அப்போது முழு நீளம் 600 கிலோமீட்டர் அளவில் இருந்தது. இப்போது வைரச் சுரங்கங்கள் வரை சுமார் 400. அதில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஏரிதான். மிச்சம், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் வரும் தரைத் துண்டுகள். அவற்றை இங்கே போர்ட்டேஜ் என்கிறார்கள், அறுபதுக்கு மேல் இருக்கின்றன. முதலில் எடை குறைந்த வண்டிகளை ஏரியில் இறக்கிப் பனியை வழித்துத் தள்ளுகிறார்கள். பனி கம்பளி மாதிரி, அது மூடியிருந்தால் அடியில் ஐஸ் தடிக்காது. பிறகு துளையிட்டுத் தண்ணீரை மேலே இறைத்து, உறையவைத்து, மறுபடி இறைத்துத் தடிமன் ஏற்றுகிறார்கள். ரேடாரை இழுத்துக்கொண்டு போய் அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். 29 அங்குலம் வந்தால் லேசான லோடு. 42 அங்குலம் வந்தால் முழு லோடு.

கணக்கு ஒன்று சொன்னார்கள். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் லோர்ன் கோல்ட் 1971-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஐஸின் தடிமன் இரட்டித்தால் தாங்கும் எடை நான்கு மடங்காகும். அரை மீட்டர் பத்து டன் என்றால் ஒரு மீட்டர் நாற்பது டன். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 42 அங்குலம் என்றால் 107 சென்டிமீட்டர், அதற்கு ஏறக்குறைய 46 டன் வந்தது. என் வண்டி லோடோடு 63 டன். பக்கத்தில் இருந்த பாஜியிடம் காட்டினேன். அவர் கணக்கு சரியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். கை தூக்கிக் கேட்டேன். அந்த 46, யாரும் கண்காணிக்காத ஐஸுக்கு என்றார்கள். தினமும் அளந்து, விரிசல் பார்த்து, வேகத்தையும் கட்டுப்படுத்தினால் கூடுதலாக ஏற்றலாம். அந்தப் பதினேழு டன் வித்தியாசத்துக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று புரிந்துகொண்டேன்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். லாரி போகும்போது ஐஸ் கொஞ்சம் குழிகிறது. மெத்தையில் நடப்பது போல அந்தக் குழி லாரியோடேயே நகர்கிறது. அடியில் தண்ணீரும் அலையாக ஓடுகிறது. கல்யாண வீட்டில் அண்டாவில் தண்ணீர் தூக்கி நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நம் நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் விளிம்பு தாண்டிச் சிதறும். லாரியின் வேகமும் அலையின் வேகமும் ஒத்துப்போனால் இங்கே சிதறுவது ஐஸ். கரை நெருங்கும் இடம் மிக மோசம், அலை கரையில் மோதித் திரும்பி வரும். அதனால் லோடு ஏற்றிய வண்டிக்கு ஏரி மேல் மணிக்கு 25 கிலோமீட்டர், கரையில் ஏறும் இடங்களில் 10. காலி வண்டிக்கு, தனிப் பாதை இருக்கும் இடத்தில் 60. முன் வண்டிக்கும் நமக்கும் 500 மீட்டர் இடைவெளி. காவல் வண்டிகள் ரேடார் துப்பாக்கியோடு சுற்றும், மீறினால் சாலையை விட்டே இறக்கிவிடுவார்கள். அதற்காக ஏரி நடுவே நிற்கவும் கூடாது. நின்ற எடையில் ஐஸ் மெல்ல மெல்லத் தொய்யும்.

நம்மூர் லாரிகளின் பின்னால் 'நிதானம் பிரதானம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எழுத்து ஓமலூர் சுங்கச்சாவடியை எண்பதில் தாண்டிப் பறந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன். அதை நிஜமாகவே கடைப்பிடிக்கிற ஊருக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

இருபத்து மூன்றாம் நாள், ஜனவரி 31

சாலை திறக்கவில்லை. மைனஸ் 18. மக்கள் வெயில் என்று சொல்லிக் கோட்டு பட்டனைக் கழற்றுகிறார்கள், எங்களுக்கு வயிறு எரிகிறது. 2006-இல் இப்படித்தான் சூடாகிப் பருவம் பாதியில் முடிந்து, மிச்சச் சரக்கைச் சுரங்கக்காரர்கள் விமானத்தில் கொண்டுபோனார்களாம். அடுத்த வருடமே, 2007-இல், 10,922 லோடு போய்ச் சேர்ந்தது. இதுவரை அதுதான் உச்சம் என்றார் கிழவர். "நீ தாமதமாக வந்துவிட்டாய்" என்றும் சொன்னார். டியாவிக் சுரங்கத்தின் உற்பத்தி 2026-ஓடு முடிகிறது. வைரத்துக்கும் முன்பிருந்த மதிப்பு இல்லை.

யார்டில் டயருக்குக் காற்று அடித்தேன். கையிருப்பு கரைகிறது. "வந்துவிடுங்கள் மாமா" என்று மனைவி சொல்லவில்லை. ஆனால் குழந்தை என்ன செய்கிறாள் என்பதை வழக்கத்தை விட நீளமாகச் சொன்னாள்.

முப்பதாம் நாள், பிப்ரவரி 7: லாக்ஹார்ட்

திறந்துவிட்டார்கள்.

கடையில் நேற்றே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு, மைனஸ் 37-இல், முன் சக்கரத்தின் அடியில் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனேன். என் முறை வர வெகு நேரம் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்து நகர்த்தினேன். பழம் நசுங்கும் அந்த மெத்தென்ற ஓசைக்குக் காது காத்திருந்தது. கோலிக்குண்டு உடைவது போலச் சத்தம் கேட்டது. பாஜி டார்ச் அடித்துப் பார்த்தார். மஞ்சள் கண்ணாடித் துண்டுகள். நல்ல சகுனமா என்று கேட்டார். இந்தக் குளிருக்கு சாஸ்திரம் எழுதி வைக்கவில்லை என்றேன்.

டேங்கரில் ஐம்பதாயிரம் லிட்டர் அளவுக்கு டீசல். ஊரை விட்டு வடக்கே போனால் பழைய ஜெயண்ட் தங்கச் சுரங்கம் வருகிறது. தங்கம் எடுத்த காலத்துக் கழிவு, 2,37,000 டன் ஆர்சனிக் தூள், அதன் அடியில் கிடக்கிறது. அது கசியாமல் இருக்க நிலத்தையே உறையவைத்துப் பூட்டப் போகிறார்கள். இந்தப் பக்கத்தில் எல்லாப் பாரத்தையும் குளிரின் தலையிலேயே வைக்கிறார்கள்.

எழுபது கிலோமீட்டரில் சாலை தீர்ந்தது. அதன் பிறகு டிபிட் ஏரி. எங்கள் கான்வாயில் நான்கு வண்டிகள். இருபது நிமிடத்துக்கு ஒரு கான்வாய் விடுகிறார்கள். கிழவர் முதலில், நான் மூன்றாவது. முன்சக்கரம் ஐஸில் இறங்கும்போது வண்டி பெருமூச்சு விட்டது போல இருந்தது, ஒருவேளை நான்தான் விட்டிருப்பேன். வேகமானி 25. சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான்.

முதல் ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன். ஐஸ் பேசிக்கொண்டே இருந்தது. சில நேரம் காகிதம் கிழிப்பது போல, சில நேரம் அடியில் யாரோ பீரோ நகர்த்துவது போல. மூன்றாவது மணி நேரத்தில் பயம் போய்த் தூக்கம் வந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வெள்ளை, மறுபடி வெள்ளை, ஓரத்தில் பிரதிபலிப்புக் குச்சிகள், காலில் சூடான காற்று. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் பாஜி பஞ்சாபிப் பாட்டை முணுமுணுத்தார். கிழவர் அதட்டினார். அதில் கொஞ்ச நேரம் விழித்திருந்தேன். கரை வரும்போது 10, போர்ட்டேஜ் ஏற்றம், மறுபடி இறக்கம், மறுபடி ஏரி. ரேடியோவில் போர்ட்டேஜ் எண்ணைச் சொல்லி எதிரே வருகிறவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் சொல்வேன். இருபத்தி நான்கை ஒரு தடவை மாற்றிச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

டிபிட்டிலிருந்து லாக்ஹார்ட் ஏரி முகாம் வரை 170 கிலோமீட்டர் அளவுதான். எட்டு மணி நேரம் ஆயிற்று. இறங்கினால் முழங்கால் நடுங்கியது. சூடான சூப், உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி. ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபோது பக்கத்து மேசைக்காரர் மோப்பம் பிடித்து எழுந்து வந்தார். வெளியே ஐம்பது லாரிகளாவது எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றன. நிறுத்தினால் காலையில் கிளம்பாது. அந்த உறுமலுக்கு மேலே, வடதுருவ ஒளியில், பச்சையாக வானம் அசைந்தது. இரண்டு நிமிடம் நின்று பார்த்தேன். மூக்கு மரத்துவிட்டது, வந்து படுத்தேன்.

முப்பத்தோராம் நாள், பிப்ரவரி 8: டியாவிக்

லாக்ஹார்ட்டைத் தாண்டியதும் மரங்கள் நின்றுபோயின. குட்டையாகி, பிறகு குச்சியாகி, பிறகு ஒன்றுமில்லை. மெக்கே ஏரி மேல் காற்று பனியைத் தரையோடு தரையாக ஓட்டியது. சாலையே ஆறு போல நகர்ந்ததில் வண்டி நிற்பது போல ஒரு மயக்கம். தூரத்தில் நாலைந்து கலைமான்கள். நிற்கச் சொன்னார்கள், நின்றோம். பாதர்ஸ்ட் மந்தை என்பார்கள் இவற்றை. 1986-இல் நாலரை லட்சத்துக்கும் மேல் இருந்த மந்தை, இப்போது சில ஆயிரங்கள். சாலையும் சுரங்கமும் அதற்கு எவ்வளவு காரணம் என்று இங்குள்ள பழங்குடியினர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டீசலை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் என்ன சொல்ல?

லாக் டி கிரா ஏரியின் ஒரு தீவில் டியாவிக் சுரங்கம். 1991-இல் இந்த ஏரியின் பக்கத்தில்தான் முதல் வைரம் அகப்பட்டது. நான் பார்த்ததெல்லாம் வேலியும் டேங்குகளும் ஒரு காவல் அறையும். ஒன்றரை மணி நேரம் குழாய் மாட்டி இறக்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், போ என்றார்கள்.

காலி வண்டி. தனிப்பாதையில் அறுபதில் விட்டேன். விமானம் ஓட்டுவது போல இருந்தது. எதிரே லோடு வண்டிகள் நான்கு, ஊர்ந்து ஊர்ந்து, விளக்கை ஒரு முறை தாழ்த்தி உயர்த்திப் போயின.

முப்பத்திரண்டாம் நாள், பிப்ரவரி 9: யெல்லோநைஃப்

குளித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஐஸ் எத்தனை அடி, கண்ணு?"

"மூன்றரை அடி இருக்கும்."

"அதற்குக் கீழே?"

"தண்ணீர்தான். ஏரி."

அவர் முப்பது வருடம் ரிக் லாரியில் ராஜஸ்தான் வரை போனவர். ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி மட்டுமே ஊதிய ஊர்களை வரிசையாகச் சொல்வார். அந்த நிலத்துக்காரர்களிடம் கூலி கேட்க வாய் வராமல் நின்றதையும் சொல்வார்.

"மூன்றரை அடியிலா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னணியில் திருச்செங்கோட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அடுத்த லோடு எத்தனை மணிக்கு?"

"நாளைக் காலை நான்கு மணிக்கு."

"அப்படியானால் போனை வை. தூங்கு."